சுடுதண்ணீர் ஊருக்குப் பச்சைத்தண்ணீர் வழி

குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் வீடு இருந்தால், குளிர்ந்த தண்ணீரைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. தென்காசியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018 செப்டம்பரில், சுவிட்சர்லாந்து போனபோதுதான் அந்த நினைப்பு கரைந்தது. மலை ஏறிக் களைத்த கால்களைப் பச்சைத்தண்ணீரில் போட்டு மறுநாளைக்குத் தயார் செய்யும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். என் வயதுக்காரர்கள் பலர் பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகிறீர்கள். மலையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் நித்யா பேர்ணில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்தவர். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அவருடைய அம்மா, என் சம்பந்தி தவமலர், அரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய துன் என்ற ஏரிக்கரை ஊரில் இருக்கிறார். பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை நின்றபடி செய்யும் வேலை. என்னைவிட நாலு வயது இளையவர். கல்யாணத்தன்றே என்னை 'ரீச்சர்' ஆக்கிவிட்டார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். நான் அவரை மலர் என்று கூப்பிடுவேன். நான் விமான டிக்கெட் எடுத்தேன் என்று கேள்விப்பட்டதும் அவர் போன் செய்து சொன்னது ஒன்றுதான்: "ரீச்சர், சீலையைக் குறைச்சுக் கொண்டு வாங்கோ. மலை ஏறுற சப்பாத்து ஒண்டு கட்டாயம் கொண்டு வாங்கோ."

சப்பாத்துக்கு, அதாவது நம் ஊர் ஷூவுக்கு, காரணம் மலரின் தங்கை சுகந்தி. அவர் மலைக்கு அந்தப் பக்கம் லொய்கர்பாட் என்ற ஊரில், ஒரு ஹோட்டலில் அறைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். பூமியிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றெடுக்கும் ஊர் அது. அக்காவின் ஊரிலிருந்து தங்கையின் ஊர்ப் பக்கத்துக்கு ரயில் மலையைக் குடைந்து போகிறது. ஆனால் ரயில் வருவதற்கு முந்தைய காலத்து ஆட்கள் அந்த மலையைக் கெம்மி என்ற கணவாய் வழியாக நடந்தே கடந்தார்கள். தானும் ஒருநாள் அப்படி நடந்து வந்து கதவைத் தட்டுவேன் என்று மலர் ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, தங்கை அதைப் பிடித்துக்கொண்டார். நடந்து வந்தால் ஒடியல் கூழ் காய்ச்சித் தருவதாகப் பந்தயம். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணத்துக் கூழ் அது. கண்டர்ஷ்டேக் என்ற ஊர்வரை ரயிலில் வரலாம், அதற்குமேல் கேபிள் காரில் கால் வைத்தால்கூடப் பந்தயம் செல்லாது என்பது நிபந்தனை.

மலர் ஏற்கனவே இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் வருடம் முதல் நாள் ஏறி முடித்ததும் மழையும் மூடுபனியும் வழியை மறைத்துவிட்டன. இரண்டாம் வருடம் வானம் சுத்தமாக இருந்தது, கால்கள்தான் கைவிட்டன. முதல் நாள் ஏற்றம் முடிந்து மலை விடுதியில் தூங்கி எழுந்தபோது தொடைகள் மரக்கட்டையாகி, மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்ததாம். அன்று கேபிள் காரில் ஏறித் திரும்பிவிட்டார். அதைக் கேட்ட சமையலறைத் தோழி ஒருத்தி, உடற்பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த ஏரியில் சில நிமிடம் நின்று பார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒரு வருடமாக மலர் அதைத்தான் செய்துவந்தார். இந்த முறை மூன்றாவது முயற்சி. கூட வர ஆள் வேண்டும். நான் வாய்த்தேன்.

துன்னில் இறங்கிய அன்றே சுகந்தி போனில் வந்தார். மலர் ஒலிபெருக்கியைப் போட்டார். "அக்கா, நீ வாறதுக்கு முதல் இந்த மலை தானா நடந்து துன்னுக்கு வந்திடும். ரீச்சர், நீங்களாவது இவவுக்குப் புத்தி சொல்லுங்கோ, ரயில் எண்டு ஒண்டு ஓடுது." நான் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே தன் ஹோட்டல் மேலாளரைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி, முழங்கால் வலிக்கான ஐந்து மருந்துகளைப் பற்றிப் பேசி முடித்து, போனை வைத்துவிட்டார். மூச்சு விடுகிறாரா என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. மலர் சிரித்தபடி, தங்கையை யாராலும் வாயடைக்க முடிந்ததில்லை என்றார்.

மலையேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை. ஊருக்குப் பின்னாலுள்ள குன்றில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கிவிட்டு நேரே ஏரிக்கரை. அங்கே எனக்கு முதல் தடை மனத்தில் வந்தது. வியர்வை அடங்காமல் தண்ணீரில் இறங்கினால் சளி பிடிக்கும், ஜன்னி காணும் என்று கேட்டு வளராத தமிழ்ப்பிள்ளை உண்டா? அதைச் சொன்னேன். "அது கிணத்தடிச் சட்டம், ரீச்சர். இஞ்ச லேக்குக்கு வேற சட்டம்" என்று முடித்துவிட்டார் மலர்.

அடுத்து நான் செய்தது எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் யாராவது அருவிக்குப் போவார்களா? மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஒரு பாட்டில் ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காலிலும் கையிலும் தோளிலும் நன்றாக அரக்கித் தேய்த்துவிட்டு, மகளின் அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஏணி வழியே இறங்கினேன். கழுத்தளவுத் தண்ணீர். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். வகுப்பில் தூங்கும் பையன் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினால் எப்படி விழிப்பானோ, அப்படி என் உடம்பின் ஒவ்வொரு அங்குலமும் விழித்தது. மூச்சு உள்ளே போய் வெளியே வர மறந்தது. பிறகு மெல்ல வந்தது. அதன்பின் எனக்குச் சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு.

சிரிப்பு முடிந்து ஏணியைப் பிடித்தேன். கை வழுக்கியது. இன்னொரு கையால் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. குளிரில் விறைத்த விரல், எண்ணெய் பூசிய உள்ளங்கை, ஈரமான இரும்புக் கம்பி: மூன்றும் சேர்ந்தால் உராய்வு என்னவாகும் என்பதை ஆண்டாண்டாகப் பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். காலை வைத்தால் கால் சறுக்கியது. மேலே போகும் வழி அந்த ஒரு ஏணிதான். மலர் கரையிலிருந்து ஏதோ கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை. நாக்கு தடித்துப்போயிருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. உடனே தன் பெரிய துவாலையை இரண்டாக மடித்து என் அக்குள்களுக்குக் கீழே சுற்றி, ஏணியில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்று இழுத்தார். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு வயதான சுவிஸ் அம்மாள் கீழிருந்து என்னை முட்டுக் கொடுத்தார். மீனைத் தூக்குவதுபோல என்னைக் கரையில் போட்டார்கள்.

நான் நின்ற இடத்தில் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் பரவிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைக் காட்டி மலரிடம் கடுமையாக ஏதோ கேட்டார். படகு எண்ணெயா என்று கேட்கிறாராம். ஏரியில் அது அங்கே பெரிய குற்றம். மலர் அவருடைய மொழியில் பதில் சொன்னதும் அம்மாளின் முகம் இளகியது. அவர் சொன்னதை மலர் எனக்குத் தமிழில் சொன்னார்: "சலாட் எண்ணெய் எண்டு சொன்னன். அப்ப வினாகிரி எங்கயெண்டு கேக்கிறா." வினாகிரி என்றால் வினிகர்; அங்கே சாலட்டில் எண்ணெயையும் அதையும் சேர்த்தே ஊற்றுவார்கள்.

வீட்டில் சுடச்சுடத் தேநீர் கொடுத்துவிட்டு, மலர் எனக்கு ஒரே ஒரு விதி போட்டார். அவரிடம் கடிகாரக் கணக்கெல்லாம் இல்லை. "தண்ணிக்குள்ள நிண்டு கதைச்சுக்கொண்டே இருக்கோணும். வடிவாக் கதைக்கேலுமெண்டால் நிக்கலாம். கதை குழறினால், நிண்டுபோனால், உடன வெளிய." பேச்சு தெளிவாக வரும்வரை நிற்கலாம், குழறினாலோ நின்றாலோ வெளியே வந்துவிட வேண்டும். எவ்வளவு நல்ல அளவுகோல்! எந்தக் கருவியும் வேண்டாம், துணைக்கு ஓர் ஆள் போதும். தனியாக இறங்கக் கூடாது என்ற பாதுகாப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று மறுநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "உங்களை விட்டிட்டு நான் போறதெண்டால் போகவே தேவையில்லை" என்றார். அப்போதுதான் புரிந்தது: என் கால் நின்றால் அவர் பந்தயமும் நின்றுவிடும். அடுத்த வருடம் அவருக்கு இதே தெம்பு இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி ரயில். துன்னிலிருந்து கண்டர்ஷ்டேக்குக்கு முக்கால் மணி நேரம். அரைக் கட்டண அட்டை இருந்ததால் எனக்கு ஏறத்தாழப் பத்து பிராங்தான் ஆனது. நிலையத்திலிருந்து பள்ளத்தாக்கின் கோடிக்கு மூன்று கிலோமீட்டர் போல. பஸ் உண்டு, ஆனால் நாங்கள் நடந்தோம். பஸ் கேபிள் காரில் சேர்த்தியா என்று தங்கையிடம் வாதாட மலருக்கு விருப்பமில்லை. அங்கிருந்து காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். அங்குள்ள மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நடக்கும் நேரத்தைத்தான் சொல்கின்றன. அந்த நேரம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கானது. நம்மைப் போன்றவர்கள் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

காடு முடிந்து மேலே திறந்த புல்வெளி வந்தபோது நான் சத்தமாகவே கத்திவிட்டேன். நான்கு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் பச்சைப் பாய், மாடுகளின் கழுத்துமணி, குறுக்கே ஓர் ஓடை. அந்த ஓடையை ஒட்டியே நடந்து, மலை விடுதியை அடைந்தபோது மணி மூன்று. கடைசி அரை மணி நேரம் ஒவ்வோர் அடிக்கும் தொடை நடுங்கியது. காற்று வேறு ஊசியாகக் குத்தியது. விடுதிக்காரப் பெண் சுடுதண்ணீர்க் குளியலறை வலது பக்கம் இருக்கிறது என்று காட்டினாள். வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

என் கண் போன திசையை மலர் பார்த்துவிட்டார். "சுடுதண்ணி நாளைக்கு, ரீச்சர். இண்டைக்குப் பச்சைத்தண்ணி." நான் அவர் கால்களைப் பார்த்தேன். அவருக்கும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு, மாற்றுத்துணியும் துவாலையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினோம். இந்த முறை உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

கற்களுக்கு நடுவே இடுப்பளவு ஆழத்தில் ஓர் இடம் இருந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு இறங்கினோம். துன் ஏரி இதற்கு முன்னால் வெந்நீர்! விதிப்படி பேச வேண்டும். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். "பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எல்லாம் வாசலில் ஒரே நேரத்தில் முட்டிமோதும் இல்லையா, மலர்? உழைத்த காலில் ரத்தம் அப்படித்தான் கூடி நிற்கும். குளிர், கதவில் ஒரு பக்கத்தைச் சாத்திவிடுகிறது. கூட்டம் வரிசைக்கு வருகிறது." மலர் பல் கிட்டியபடி கேட்டார்: "அப்ப வாத்தியார் ஆர்?" நான் அவரைக் கைகாட்டினேன். சிரித்தோம். ஒரு கட்டத்தில் நான் 'ரத்தக் குழாய்' என்று சொல்ல முயன்று அது வேறு ஏதோவாக வந்தது. உடனே வெளியே வந்துவிட்டோம். நாலைந்து நிமிடம் இருந்திருக்கும்.

துடைத்து, கம்பளிச் சட்டை மாட்டி, விடுதிக்கு நடக்கும்போது உடம்புக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பியது பாருங்கள், அதை எப்படிச் சொல்ல! அடுப்பைப் பற்றவைத்த மாதிரி. இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வந்தன. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

விடியலில் நான் கண் விழித்தபோது மலரின் கட்டில் காலி. எழுந்து வெளியே வந்தேன். அவர் மாடிப்படியின் உச்சியில், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். போன தடவை பின்பக்கமாக இறங்கிய அதே படி. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். வலது காலை முன்னால் வைத்தார். பிறகு இடது கால். ஏழெட்டுப் படிகள், முகம் முன்னால் பார்த்தபடி இறங்கினார். கீழே போய்த்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வாங்கோ." நானும் இறங்கினேன். தொடையில் வலியே இல்லை என்று சொன்னால் பொய். வலி இருந்தது, முதல் பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி இருந்தது. என் பேச்சைக் கேட்டது.

விடுதியிலிருந்து கணவாய்க்கு எங்கள் வேகத்தில் இரண்டு மணி நேரம். வழியில் டௌபன் என்ற ஏரி, மரம் மட்டையில்லாத சாம்பல் நிறப் பள்ளத்தில், கண்ணாடித் துண்டு போலக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு கடைசி ஏற்றத்தில் ஏறினால், தெற்கே வெள்ளைச் சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. அந்த வரிசைக்கு முன்னால், சிவப்பு ஜாக்கெட்டில், இடுப்பில் கைவைத்தபடி ஒரு சிறிய உருவம். சுகந்தி. அந்தப் பக்கத்துக் கேபிள் காரில் மேலே வந்திருக்கிறார், அக்கா ஏமாற்றுகிறாரா என்று பார்க்க.

"பொக்கற்றைக் காட்டு. கேபிள் கார் டிக்கெட் இருக்கோ எண்டு பாப்பம்" என்பதுதான் முதல் வார்த்தை. மலர் ஜாக்கெட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டையும் இரண்டு மிட்டாயும் விழுந்தன. சுகந்தி மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் இறக்கம் இருக்கிறது, இப்போதே துள்ள வேண்டாம் என்றார். தானும் எங்களோடு நடந்து வருவதாகவும் சொன்னார். சாட்சிக்காம்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. பாறைச் சுவரில் செதுக்கிய வளைந்து வளைந்து இறங்கும் பாதை. ஏறத்தாழத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தைத் தொடையே தாங்க வேண்டும். பாதை அகலமானதுதான், ஆனால் கீழே பார்த்தால் ஊர் தீப்பெட்டிகளாகத் தெரியும். நானும் மலரும் மெதுவாக, ஒரே சீராக இறங்கினோம். சுகந்தி பேசிக்கொண்டே முன்னால் போனார், பிறகு பேசிக்கொண்டே நடுவில் வந்தார், கடைசியில் பேசிக்கொண்டே பின்னால் வந்தார். கீழே தரை தட்டியபோது அவர் கால்கள் தறிகெட்டு ஆடின. மலர் ஒரு மரத்தைக் கையால் தொட்டார், ஊர்ப் பெயர்ப் பலகையைத் தொட்டார், பிறகு தன் முழங்கால்களைத் தொட்டார்.

வீட்டுக்குப் போகலாம், சுடுதண்ணீர்க் குளம் இருக்கும் ஊரில் யாராவது பச்சைத்தண்ணீரில் நிற்பார்களா என்று சுகந்தி மறுத்தார். மலர் விடவில்லை. ஊருக்குள் ஓடும் ஆற்றில், ஆழமில்லாத ஓர் இடத்தில், மூவரும் முழங்காலுக்குமேல் நனைய இறங்கினோம். சுகந்தி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். அது முடியவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. மலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வருட உழைப்புக்குக் கிடைத்த பரிசைப் பார்ப்பதுபோல. பிறகு மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "கதை நிண்டுபோச்சு. விதிப்படி நீ வெளிய வரோணும்."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்த வழி ஜூலையிலிருந்து செப்டம்பர்வரைதான் வசதி. மற்ற மாதங்களில் பனி கிடக்கும். விடுதியில் முன்பதிவு அவசியம். பலர் சேர்ந்து தூங்கும் அறையில், இரவும் காலையும் உணவோடு, எனக்கு எண்பது பிராங் அளவில் ஆனது. இரண்டு பக்கமும் கேபிள் கார் இருப்பதால், பந்தயம் கட்டாதவர்கள் கடினமான பகுதிகளை விட்டுவிட்டு நடுவிலுள்ள சமவெளியை மட்டும் நடக்கலாம். திரும்புவதற்கு லொய்கர்பாட்டிலிருந்து பஸ், பிறகு ரயில். துன்னுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

தண்ணீரைப் பற்றி: இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரலைக்கூட நனைக்க வேண்டாம். நான் கேட்டுவிட்டுத்தான் போனேன். தலைகீழாகக் குதிக்காதீர்கள், படிப்படியாக இறங்குங்கள். வெளியே வரும் வழியை முதலில் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாற்றுத்துணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இது வலியை மந்திரம்போல் மறைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அறிஞர்களிடையேகூட இதில் ஒருமித்த கருத்து இல்லை என்கிறார்கள். மறுநாளும் நடக்க வேண்டியவர்களுக்குக் கால் கொஞ்சம் லேசாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது. எண்ணெய்ப் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கூழைச் சொல்லாமல் முடித்தால் மலர் கோபித்துக்கொள்வார். சுகந்தியின் வீட்டுக்குள் நுழைந்ததுமே நண்டு வாசனை. அடுப்பில் பெரிய பானை, சூடாக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. மலர் மூடியைத் திறந்து, அகப்பையால் ஒருமுறை கிண்டிப் பார்த்தார். ஒடியல் மாவின் கசப்புப் போக அதை நெடுநேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வடிக்க வேண்டுமாம். எனக்கு அதை விளக்கிவிட்டு அவர் தங்கையிடம் திரும்பினார். "நேற்றே ஊறப்போட்டிட்டாய். நாங்கள் அப்ப பாதி மலைகூட ஏறேல்லையே."

சுகந்தி கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார். "ஒவ்வொரு தரமும் ஊறப்போடுறனான்தானே. முந்தின ரெண்டு தரமும் ஒரு பானை கூழை நான் தனியக் குடிச்சு முடிச்சனான். இந்தமுறை நீங்களே குடிச்சு முடியுங்கோ."